3,53,400 டாலர் விருந்தும் ஒரு கட்சிச் சண்டையும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கணக்கு பேச வேண்டியிருக்கிறது.

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான். ஜனநாயகக் கட்சிக்காரரும் குடியரசுக் கட்சிக்காரரும் பணத்தை வைத்து மோதிக்கொண்டால் புரிகிறது. ஒரே கட்சிக்குள் இருக்கிற இரண்டு பேர், சில மாதம் கழித்து ஒரே மேடையில் கைகோத்து நிற்கப் போகிறவர்கள், ஒருவர் வசூலை மற்றவர் குற்றம் சொல்லி எதற்காக இப்படிச் சண்டை போடுகிறார்கள்?

நியாயமான கேள்வி. பதில் சொல்ல, 2016-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் இடத்துக்குப் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் நடந்த தகராறை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காரணம், அதில் ஏறக்குறைய எல்லாமே வெளியே வந்துவிட்டன. கணக்கு வந்தது, வக்கீல் கடிதம் வந்தது, கடைசியில் ரகசிய ஒப்பந்தமும் வந்தது. உட்கட்சிப் பணத் தகராறில் இவ்வளவு காகிதம் கையில் கிடைப்பது அபூர்வம்.

முதலில் பிரைமரி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் கட்சிகளில் வேட்பாளர் பட்டியலைத் தலைமை வெளியிடும். அமெரிக்காவில் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதை மாநிலம் மாநிலமாக வாக்குப் பதிவு நடத்தி ஆதரவாளர்கள் முடிவு செய்கிறார்கள். 2016-இல் பிப்ரவரி 1 அன்று அயோவாவில் தொடங்கிய இந்தச் சுற்று ஜூன் 14 அன்று தலைநகர் வாஷிங்டனில் முடிந்தது.

இந்த நான்கரை மாதத்தில் பணத்துக்கு இருக்கிற வலிமை நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலில்கூட இல்லை என்பது என் எண்ணம். நவம்பரில் கட்சிப் பெயரே பாதி வாக்கை வாங்கித் தந்துவிடும். பிரைமரியில் நிற்கிற எல்லோரும் ஒரே கட்சி. கொள்கையிலும் பெரிய இடைவெளி இருக்காது. யார் முகம் தெரிகிறது, யாருக்கு ஒவ்வொரு ஊரிலும் அலுவலகமும் ஆளும் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். அதற்கெல்லாம் காசு வேண்டும். காசு தீர்ந்தால் வாக்குப் பதிவு வரைக்கும்கூடத் தாங்க முடியாது. விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர் குடியரசுக் கட்சிப் போட்டியில் குதித்து, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே, 2015 செப்டம்பரில் விலகினார். அவரை ஆதரித்த சூப்பர் பேக்கில், அதாவது வேட்பாளரின் கணக்குக்கு வெளியே வரம்பின்றி வசூலித்துச் செலவழிக்கும் தனிக்குழுவில், பணம் இருந்தது. ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க அவருடைய பிரசாரக் கணக்கில்தான் இல்லை. பணம் மட்டும் இருந்தாலும் போதாது என்பதற்கு ஜெப் புஷ் இருக்கிறார். அவருக்கான சூப்பர் பேக் 2015-இன் முதல் ஆறு மாதத்திலேயே 10 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தது. பிப்ரவரி முடிவதற்குள் அவரும் வீட்டுக்குப் போனார்.

இன்னொன்றும் உண்டு. ஒரே கட்சி என்பதால் பணம் தருகிறவர்களும் ஏறத்தாழ ஒரே கூட்டம்தான். எதிர்க்கட்சிக்காரர் யாரிடம் வசூலித்தாலும் என் வசூல் குறையாது. என் கட்சிப் போட்டியாளர் ஒருவரிடம் வாங்கிவிட்டால், அந்தக் கதவு எனக்குப் பெரும்பாலும் மூடிவிடும். சண்டையின் வேர் இங்கே இருக்கிறது.

இப்போது சட்டம். வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1974-இல், தேர்தல் நிதிச் சட்டத்தைக் கடுமையாக்கி ஃபெடரல் தேர்தல் ஆணையத்தையும் அமைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1976-இல், பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. ஒருவர் வேட்பாளருக்குக் கொடுக்கிற தொகைக்கு வரம்பு வைக்கலாம்; வேட்பாளர் செலவழிப்பதற்கு வரம்பு வைக்கக் கூடாது, அது பேச்சுரிமையில் கை வைப்பதாகும் என்றது. அமெரிக்கத் தேர்தல் பணத்தின் கதை முழுக்க இந்தக் கோட்டின் இரு பக்கமும் நடப்பதுதான். செலவுக்குக் கூரை இல்லை. வரவுக்கு வாசல் சின்னது. ஆகவே வாசலைப் பெரிதாக்க வழி தேடுவதே கட்சி வக்கீல்களின் முழுநேர வேலையாகிவிட்டது.

2010-இல் வந்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று திறந்துவிட்ட தீர்ப்பு. அந்த வழக்கும் ஒரு பிரைமரியில் இருந்தே கிளம்பியது. 2008 பிரைமரியின்போது ஹிலாரி கிளின்டனைத் தாக்கி எடுத்த படம் ஒன்றைச் சிட்டிசன்ஸ் யுனைடெட் அமைப்பினர் கேபிள் வழியாகக் காட்ட விரும்பினார்கள். பிரைமரிக்கு முந்தைய 30 நாளில் நிறுவனப் பணத்தில் அப்படிக் காட்டக் கூடாது என்று சட்டம் தடுத்தது. நீதிமன்றத்துக்குப் போனார்கள், சட்டத்தையே சாய்த்தார்கள்.

நம் கதைக்கு அதைவிட முக்கியமானது, அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு தீர்ப்பு: 2014 ஏப்ரலில் வந்த மெக்கட்சியன் வழக்கு. அதுவரை ஒருவர் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு கட்சிக் குழுவுக்கும் தரக்கூடிய தொகைக்குத் தனித்தனி வரம்பு இருந்தது. அதற்கு மேல், எல்லாவற்றையும் கூட்டினாலும் இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று மொத்த வரம்பு ஒன்றும் இருந்தது. தனி வரம்பு இருக்கட்டும், மொத்த வரம்பு செல்லாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. கூட்டு நிதியங்கள் வழியாக ஒரே ஆளிடம் பெரும் பெரும் காசோலைகள் வாங்க இது வழி திறக்கும் என்று நீதிபதி பிரெயர் தம் மாறுபட்ட தீர்ப்பில் விரிவாகக் கணக்குப் போட்டு எச்சரித்தார். நடைமுறைக்கு ஒவ்வாத ஊகங்கள் என்று அவற்றைத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒதுக்கினார். ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, பிரெயர் சொன்ன வழியில் வண்டி ஓடத் தொடங்கியது.

அந்த வண்டிக்குப் பெயர் ஹிலாரி வெற்றி நிதியம். கிளின்டனின் பிரசாரக் குழு, ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு, 32 மாநிலக் கட்சிகள் என்று எல்லோரும் சேர்ந்து 2015 செப்டம்பரில் தொடங்கிய கூட்டு நிதியம் அது. நன்கொடையாளர் ஒரே ஒரு காசோலை எழுதினால் போதும், நிதியம் பிரித்துக் கொடுத்துவிடும்.

ஒரு காசோலையைக் கையில் வைத்துப் பார்ப்போம். 3,56,100 டாலர் என்று எழுதியிருக்கிறது. இதில் முதல் 2,700 டாலர் கிளின்டனின் பிரைமரிக் கணக்குக்கு. அன்றைய சட்டப்படி ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் தரக்கூடியது அவ்வளவுதான். அடுத்த 33,400 டாலர் தேசியக் குழுவுக்கு. கட்சித் தலைமைக்கு ஓர் ஆண்டில் தரக்கூடிய உச்சம் அது. மிச்சம் 3,20,000 டாலர். அது 32 மாநிலக் கட்சிகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம். காகிதத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு. நூறில் ஒரு பங்குகூட வேட்பாளருக்குப் போகவில்லை; தொண்ணூறு பங்கு மாநிலங்களுக்குப் போகிறது.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். கட்சியின் ஒரு மட்டத்துக் குழு இன்னொரு மட்டத்துக் குழுவுக்குப் பணம் மாற்றிக்கொள்ள வரம்பே கிடையாது. ஒரு மாநிலக் கட்சி தனக்கு வந்த பத்தாயிரத்தை அப்படியே தேசியக் குழுவுக்குத் திருப்பி அனுப்பலாம். சட்டம் தடுக்காது. தேசியக் குழுவுக்கு நேரே 33,400-க்கு மேல் தர முடியாத நன்கொடையாளரின் பணம், 32 மாநிலங்களைச் சுற்றிக்கொண்டு அதே தேசியக் குழுவுக்கு வந்து சேரும்.

2016 ஏப்ரல் 15. சான் பிரான்சிஸ்கோவில் கிளின்டனுக்கு நிதி திரட்ட ஒரு விருந்து. நடிகர் ஜார்ஜ் கிளூனியும் அவர் மனைவி அமலும் முன்னின்றார்கள். கிளின்டனோடும் கிளூனி தம்பதியோடும் தலைமை மேசையில் உட்கார ஒரு ஜோடிக்கு 3,53,400 டாலர். அந்தத் தொகையைக் கொஞ்சம் பாருங்கள். 33,400-ஐயும் 32 பத்தாயிரங்களையும் கூட்டினால் சரியாக அந்தத் தொகைதான் வரும். விருந்துக்குச் சீட்டு விலை வைத்தவர்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே விலை வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் லாஸ் ஏஞ்சலஸில் கிளூனி வீட்டில் இன்னொரு விருந்து. அங்கே கிளின்டனின் கார்கள் போன பாதையில் சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் ஒரு டாலர் நோட்டுகளை வாரி இறைத்தார்கள். சாண்டர்ஸ் தமக்கு வருகிற நன்கொடையின் சராசரி 27 டாலர் என்று மேடைக்கு மேடை சொல்லிவந்த காலம் அது. தொலைக்காட்சிப் பேட்டியில் கிளூனியிடம் இதைக் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. இது அருவருக்கத்தக்க அளவுப் பணம்தான், எதிர்ப்பவர்கள் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தப் பணத்தின் மிகப் பெரும் பங்கு கிளின்டனுக்குப் போகவில்லை, கீழ்மட்டத்தில் நாடாளுமன்றத்துக்கும் மற்ற இடங்களுக்கும் நிற்கிற கட்சிக்காரர்களுக்குப் போகிறது என்றும் சொன்னார். அவர் நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 18 அன்று, நியூயார்க் பிரைமரிக்கு முந்தைய நாள், சாண்டர்ஸ் தரப்பு வழக்கறிஞர் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸுக்குக் கடிதம் எழுதினார். நிதியத்தில் நடப்பது கடுமையான விதிமீறலாகத் தெரிகிறது என்பது சாரம். கிளின்டனின் பிரசார மேலாளர் ராபி மூக் அன்றே பதிலடி கொடுத்தார். பொறுப்பற்ற, மக்களைக் குழப்புகிற குற்றச்சாட்டு என்றார். கடிதம் வந்த தேதியைப் பார்த்தால் அதில் தேர்தல் கணக்கும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. மறுநாள் நியூயார்க்கில் கிளின்டன் ஜெயித்தார்.

அந்தக் கடிதத்தில் இருந்த குற்றச்சாட்டைப் பத்திரிகைகள் அவசரத்தில் தாண்டிப் போய்விட்டன. பெரிய காசோலை வாங்கியது தப்பு என்று வழக்கறிஞர் சொல்லவில்லை. வாங்கிய பணத்தை நிதியம் எதற்குச் செலவழிக்கிறது என்று கேட்டார். நிதியம் பல லட்சம் டாலர்களை இணைய விளம்பரத்துக்கும் தபால் வேண்டுகோளுக்கும் செலவிட்டது. அவற்றைப் பார்த்து இருபது, ஐம்பது டாலர் தருகிற சாதாரண ஆட்களின் பணம் எங்கே போகும்? பிரித்துக் கொடுக்கும் சூத்திரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதல் 2,700 டாலர் கிளின்டனுக்கு. ஐம்பது டாலர் அந்த எல்லையைத் தாண்டாது. ஆகவே முழுக்க அவருக்கே.

ஊர்க் கோயில் கொடைக்கு வசூல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மனிதர்கள் லட்சம் லட்சமாகத் தருகிறார்கள், ஊர்ப் பொதுக்கணக்கில் சேர்கிறது. அந்தப் பொதுப்பணத்தில் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். நோட்டீஸைப் பார்த்து நூறு, இருநூறு தருகிற வீடுகளின் பணம் மட்டும் ஒருவர் பெட்டிக்குப் போகிறது. அவர் ஊர்த் தலைவர் பதவிக்கு நிற்கிறவர். எதிர்த்து நிற்கிறவர் கேட்க மாட்டாரா?

சட்ட மொழியில் சொன்னால், கூட்டு வசூலின் செலவை அவரவருக்கு வருகிற வரவின் விகிதத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் பங்குச் செலவை இன்னொருவர் ஏற்றால், அது மறைமுக நன்கொடை. கட்சியின் தேசியக் குழு ஒரு வேட்பாளருக்கு நேரடியாகத் தரக்கூடியது வெறும் 5,000 டாலர். கட்சிப் பணத்தில் கிளின்டனுக்கு விளம்பரம் நடந்திருந்தால், அந்த ஐயாயிரம் எப்போதோ தாண்டியிருக்கும். இதுதான் வாதம். நிரூபிப்பது கடினம், வழக்காக நிற்காது என்று தேர்தல் சட்டம் தெரிந்த பலர் அப்போதே சொன்னார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. செலவு விகிதத்தைக் காகிதத்தில் சரிசெய்துகொள்ள விதி இடம் தருகிறது. நல்ல கணக்காளர் இருந்தால் எல்லாம் எல்லைக்குள் நிற்கும்.

மே 2 அன்று பொலிட்டிகோ பத்திரிகை நிதியத்தின் கணக்கைப் பிரித்துப் போட்டது. அதுவரை சேர்ந்தது 6 கோடியே 10 லட்சம் டாலர். மாநிலக் கட்சிகளின் கையில் கடைசியாக நின்றது அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 38 லட்சம் டாலர் மாநிலங்களுக்குப் போனது உண்மை. அதில் 33 லட்சம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளிலேயே தேசியக் குழுவுக்குத் திரும்பிவிட்டது. பணம் மாநிலக் கட்சியின் வங்கிக் கணக்கில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போயிருக்கிறது. கிளூனி நல்லெண்ணத்தோடு சொன்ன அந்த மிகப் பெரும் பங்கு, கணக்குப் புத்தகத்தில் இல்லை.

இதில் அடிபட்டது சாண்டர்ஸ் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சிறிய மாநிலங்களின் கட்சி அலுவலகங்களை நினைத்துப் பாருங்கள். சட்டமன்றத்துக்கும் மாவட்டக் குழுவுக்கும் ஆள் நிறுத்த வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லித்தான் பத்தாயிரம் பத்தாயிரமாக வாங்கினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது இதுதான்.

கிளின்டன் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். அவர்கள் சொன்னது: நவம்பரில் டிரம்ப்பை எதிர்கொள்ளக் கட்சிக்குப் பணம் சேர்க்கிறோம், தேசியக் குழுவிடம் சேர்வது பிறகு மாநிலங்களுக்காகவே செலவாகும், கட்சிக்காக யாராவது வசூலிக்க வேண்டாமா? அதில் உண்மை இருந்தது. இதே மாதிரி கூட்டு நிதி ஒப்பந்தத்தில் சாண்டர்ஸும் 2015 நவம்பரில் கையெழுத்திட்டார். ஆனால் அதை வைத்துக் கட்சிக்கு வசூலித்துத் தரவில்லை. சாண்டர்ஸ் பணமில்லாமல் வாடவும் இல்லை. 2016 மார்ச்சில் மட்டும் அவருக்கு 4 கோடியே 40 லட்சம் டாலர் வந்தது. கிளின்டனுக்கு அதே மாதம் வந்தது ஏறத்தாழ 3 கோடி. இணையத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம் பெரிய விருந்துகளைத் தோற்கடித்த மாதங்கள் உண்டு.

சாண்டர்ஸ் பக்கம் கணக்கு அப்பழுக்கில்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 2,700 வரம்பைத் தாண்டிக் கொடுத்தவர்களின் பட்டியலை அனுப்பி விளக்கம் கேட்டு ஆணையம் அவர் குழுவுக்குக் கடிதம் எழுதியது. சின்னச் சின்னத் தொகையாகப் பலமுறை கொடுக்கிறவர் எப்போது வரம்பைத் தாண்டினார் என்று கவனிப்பது சிரமம். இது நேர்மைக் குறைவு என்பதை விடக் கணக்கு வைப்பதில் வந்த சிக்கல். இன்னொன்று கொஞ்சம் பெரியது. ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி அனுப்பிய இளைஞர்கள் சிலர் சாண்டர்ஸுக்காகத் தொண்டு செய்தார்கள். அவர்களுடைய விமானச் செலவையும் படியையும் அந்தக் கட்சி கொடுத்திருந்தது. வெளிநாட்டுப் பணம் அமெரிக்கத் தேர்தலில் எந்த வடிவிலும் வரக் கூடாது. 2018-இல் சாண்டர்ஸ் குழு 14,500 டாலர் அபராதம் கட்டியது.

தேதியைப் பார்த்தீர்களா? தப்பு நடந்தது 2016 பிரைமரியில், அபராதம் 2018-இல். சரி, கட்சிக்குள் தீராவிட்டால் ஆணையத்திடம் போக வேண்டியதுதானே என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். ஆணையத்தில் ஆறு உறுப்பினர்கள். ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த நடவடிக்கைக்கும் நான்கு வாக்கு வேண்டும். ஒரு கட்சி மற்றக் கட்சியை வேட்டையாடக் கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்தார்கள். நடைமுறையில் முக்கியமான வழக்குகள் பல மூன்றுக்கு மூன்று என்று நின்றுவிடுகின்றன. 2019 ஆகஸ்ட் முடிவில் ஓர் உறுப்பினர் விலகியதும், கூட்டம் நடத்தத் தேவையான நான்கு பேர்கூட இல்லாமல் ஆணையம் மாதக் கணக்கில் முடங்கியது. 2025 மே மாதம் மறுபடி அதே நிலை. நான்கரை மாதத்தில் முடிந்துவிடுகிற போட்டிக்கு இரண்டு ஆண்டு கழித்து விசில் ஊதுகிற நடுவர் இருந்து என்ன பயன்?

ஆணையத்துக்கு ஒரு பெருமை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கணக்கை அது மறைப்பதில்லை. 200 டாலருக்கு மேல் தந்தவர் பெயர், ஊர், தொழில், வேலை செய்யும் இடம் வரை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. சாண்டர்ஸுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்த ஆக்ட்புளூ போன்ற இடைநிலை அமைப்புகள் ஒரு டாலர் தந்தவரையும் காட்டியாக வேண்டும். பொலிட்டிகோவின் நிருபர்கள் மாநிலக் கணக்குக்குப் பணம் வந்த நாளையும் திரும்பிப் போன நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த ரகசிய ஒப்பந்தம். 2016 ஜூலையில், பிலடெல்பியாவில் நடந்த கட்சி மாநாட்டுக்கு முன்னால், கட்சித் தலைமையின் மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. தலைமையில் இருந்தவர்கள் சாண்டர்ஸைப் பற்றி எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்ததும் வாசர்மன் ஷுல்ட்ஸ் பதவி விலகினார். இடைக்காலத் தலைவராக வந்த டோனா பிரேசில் 2017 நவம்பரில் புத்தகம் எழுதினார். 2012 தேர்தலுக்குப் பிறகு ஒபாமா கட்சிக்கு 2 கோடியே 40 லட்சம் டாலர் கடனை விட்டுச் சென்றார் என்றும், அதில் 2016-இல் மிச்சம் இருந்ததன் பெரும்பகுதியை அடைத்து, மாதச் செலவுக்கும் பணம் தந்து கட்சியை ஓட வைத்தது கிளின்டன் தரப்பே என்றும் அதில் சொன்னார். பதிலுக்குக் கட்சி என்ன கொடுத்தது என்பது 2015 ஆகஸ்டில் கையெழுத்தான குறிப்பு ஒன்றில் இருந்தது. கட்சியின் செய்தித் தொடர்பு இயக்குநராகக் கிளின்டன் தரப்புக்கு ஏற்புடைய ஒருவரையே நியமிக்க வேண்டும். செய்தித் தொடர்பு, தொழில்நுட்பம், ஆய்வு ஆகிய பிரிவுகளின் முக்கிய முடிவுகளில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

முதல் வாக்குப் பதிவுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது போட்ட ஒப்பந்தம் இது. இத்தகைய ஏற்பாடு வேட்பாளர் யார் என்று முடிவான பிறகு வருவதே வழக்கம் என்று பிரேசில் எழுதினார். அந்தக் காகிதத்திலேயே கட்சி நடுநிலை தவறாது, மற்ற வேட்பாளர்களோடும் இப்படி ஒப்பந்தம் போடலாம் என்ற வரிகளும் இருந்தன. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வாக்குகளில் மோசடி நடந்ததற்கு ஆதாரம் எதையும் தாம் காணவில்லை என்று பிரேசில் பின்னர் தெளிவாகவே சொன்னார். கிளின்டன் வாக்குகளில் ஜெயித்தார். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடனில் மூழ்கிய நடுவருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தால், ஆட்டம் நேர்மையாகவே நடந்தாலும் தோற்றவர் நம்ப மாட்டார். அவருக்குப் பின்னால் நிற்கிற லட்சக்கணக்கானவர்களும் நம்ப மாட்டார்கள்.

அப்படி நம்பாதவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். சாண்டர்ஸுக்கும் கட்சிக்கும் நன்கொடை தந்தவர்கள், நடுநிலையாக இருப்போம் என்று சொல்லி எங்களிடம் வாங்கிய பணம் இது, ஏமாற்றிவிட்டார்கள் என்று 2016 ஜூனில் புளோரிடாவில் உள்ள ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தலைவர் பாரபட்சமின்றி நடக்க வேண்டும் என்று கட்சியின் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. விசாரணையில் கட்சியின் வழக்கறிஞர் வைத்த வாதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். பழைய காலம் மாதிரி பின்னறையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபடி வேட்பாளரை நாங்களே தேர்ந்தெடுத்திருக்கவும் முடியும், அது கட்சியின் உள்விவகாரம் என்பது அதன் பொருள். 2017 ஆகஸ்டில் வழக்குத் தள்ளுபடியானது. வழக்குப் போட்டவர்களுக்கு அதற்கான தகுதி நிறுவப்படவில்லை என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டிலும் அவர்கள் தோற்றார்கள்.

ஆக, ஆணையத்திடம் போனால் காலம் கடந்துவிடும். நீதிமன்றத்துக்குப் போனால் வழக்குப் போடத் தகுதி இல்லை. கட்சியிடம் போனால் கட்சியே ஒரு தரப்பு. அதனால்தான் பிரைமரியில் பணத் தகராறு எப்போதும் மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் வந்து நிற்கிறது. 2019 டிசம்பரில், அடுத்த அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சிப் போட்டியாளர்களின் விவாதத்தில், எலிசபெத் வாரனும் பீட் பூட்டிஜெஜும் மோதிக்கொண்டதும் அப்படித்தான். கலிபோர்னியாவில் ஒயின் நிலவறை ஒன்றில் பூட்டிஜெஜ் நடத்திய நிதி விருந்தை வாரன் சாடினார். நீங்களே செனட் தேர்தலுக்கு வாங்கிய பணத்திலிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் இந்தப் போட்டிக்கு மாற்றிக்கொண்டவர்தானே, அந்தப் பணமும் இப்படி விருந்துகளில் வந்ததுதானே என்று பூட்டிஜெஜ் திருப்பிக் கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. தீர்ப்புச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

2016-க்குப் பிறகு கட்சி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 ஆகஸ்டில், சூப்பர் டெலிகேட் எனப்படும் கட்சிப் பெரியவர்கள் மாநாட்டின் முதல் சுற்றில் வாக்களிக்கும் உரிமையைப் பெரும்பாலும் நீக்கியது. வாக்கில் இருந்த குறை தீர்ந்தது. பணத்தில் இருந்தது தீரவில்லை. 2024 தேர்தலுக்காக அமைத்த பைடன் வெற்றி நிதியத்துக்கு ஒருவர் தரக்கூடிய உச்சத் தொகை 9,29,600 டாலர். கிளூனி அருவருக்கத்தக்கது என்று சொன்ன தொகையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். சட்டப்படி எல்லாம் சரி.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். 2016-இல் கிளின்டன் சட்டத்தை மீறினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. சாண்டர்ஸ் கேட்ட கேள்வி நியாயமானது. கட்சியின் பெயரிலும் மாநிலங்களின் பெயரிலும் வாங்குகிற பணம், வேட்பாளர் முடிவாகும் வரை எந்த வேட்பாளரின் கைக்கும் எட்டாத கணக்கில் இருக்க வேண்டும். மாநிலத்துக்கு என்று வாங்கியது மாநிலத்திலேயே நிற்க வேண்டும். இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் மாறத் தேவையில்லை. கட்சிகள் தம் விதிப் புத்தகத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

2028 பிரைமரி நெருங்க நெருங்க, யார் எத்தனை கோடி வசூலித்தார் என்று செய்திகள் வரும். படிக்கிறபோது தொகையை அப்புறம் பார்க்கலாம்; அந்த வேட்பாளர் கட்சியோடு கூட்டு நிதி ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா, முதல் வாக்குப் பதிவுக்கு முன்னாலா பின்னாலா என்பதை முதலில் பாருங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் நிதியத்தின் பெயரைத் தட்டினால், அது தொடங்கிய தேதியும் அதில் சேர்ந்திருக்கும் குழுக்களின் பட்டியலும் யாருக்கும் கிடைக்கும்.